பயத்துக்கு ஒரு ரியூசன்

அந்தக் காலத்தில் கோப்பாயில் பிள்ளையை மலர்ச்சிப் பள்ளியில் படிப்பிப்பது பெரிய எடுப்பு. அங்கே பிரம்பில்லை, பரீட்சையில்லை. வாத்திமாரைப் பிள்ளைகள் அண்ணை, அக்கா என்றுதான் கூப்பிடும். குணலட்சுமி இதைச் சொல்லிப் பெருமையடிக்காத கலியாண வீடில்லை. பள்ளி எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும் என்பதை மட்டும் வசதியாக மறந்துபோனாள். முடிந்ததும் மகள் பத்மாசினியைக் கூட்டிக்கொண்டு ஒன்பதாம் வகுப்புக்கு இடம் கேட்டுப் பெரிய கல்லூரி அதிபரின் அறைக்கு ஓடினாள்.

அதிபர் கனகசபாபதி வாய் திறக்க முன்னமே பத்மாசினி கதிரையை இழுத்துப்போட்டு இருந்துவிட்டாள்.

"உங்கடை மேசை மணிக்கூடு நிண்டுபோய்க் கிடக்கு, அண்ணை. ஏன் திருத்தேல்லை?"

அண்ணை என்ற சொல் அந்த அறைக்குள் அதுவரை நுழைந்ததில்லை. அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கணக்குக் கேட்டார், சரியாகச் சொன்னாள். இங்கிலீசு வாசிக்கச் சொன்னார், கடகடவென்று வாசித்தாள்.

"பிள்ளை கெட்டிக்காரிதான்," என்றார் அதிபர். "ஆனா மேற்படி பிள்ளைக்குப் பயம் என்னும் அடிப்படைத் தகைமை அறவே இல்லை. இவவை ஒன்பதாம் வகுப்பிலை விட்டால் மற்றப் பிள்ளையளின்ரை பயமும் பழுதாய்ப்போம்."

"அதை நீங்கள் படிப்பிக்க மாட்டியளோ, சேர்?"

"அடிப்படையெல்லாம் கீழ்வகுப்பிலை முடிச்சுக்கொண்டெல்லோ வரவேணும்? ஒரு மாதம் தவணை தாறன்."

ஐயோ, இடம் கிடைக்காவிட்டால் ஊர் வாய் சும்மா கிடக்குமா? குணலட்சுமிக்கு நித்திரையே வரவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் பிள்ளைக்கு எது வராவிட்டாலும் மருந்து ஒன்றுதானே! இளைப்பாறிய வாத்தியார் ஏரம்புவின் கொட்டிலில் ரியூசனுக்குச் சேர்த்துவிட்டாள்.

ஏரம்பர் பிரம்பால் மேசையில் மட்டும்தான் அடிப்பார். எழும்பி நிற்பது, தலை குனிவது, நடுங்குவது என்று ஒழுங்காகப் பாடம் நடந்தது.

"உவ்வளவும் காணாது, பிள்ளை. காரணம் இல்லாமல் பயப்பிடவேணும். அதுக்குத்தான் மார்க்ஸ்."

"காரணம் இல்லாமல் ஏன் பயப்பிடவேணும்?"

"உந்தக் கேள்விதான் உனக்குள்ள வருத்தம், இந்தா மருந்து," என்று மேசையில் ஒன்று போட்டார்.

தவணை முடிந்தது. அதிபர், "உன்ரை பேரென்ன?" என்று கேட்டார். பத்மாசினி எழும்பி நின்று நிலத்தைப் பார்த்தாள்.

"தெரியாது, சேர்."

"அருமை!" என்றார் அதிபர். "சேர்த்தாச்சு."

குணலட்சுமி அயலட்டைக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தாள்.

அதற்குப் பிறகுதான் வீடு வெறிச்சோடிப் போனது. "இண்டைக்குப் பள்ளிக்கூடத்திலை என்ன நடந்தது, குஞ்சு?" என்று கேட்டால் பிள்ளை கைகட்டி நின்று, "தெரியாது, அம்மா," என்றது. கறிக்கு உப்பில்லாவிட்டாலும் வாய் திறக்காமல் தின்றது. முந்தி வாயாடி என்று ஏசின தாய்க்கு இப்போது அந்த வாயைக் கேட்கவேண்டும் போல இருந்தது. பொறுக்கமாட்டாமல் ஏரம்பரிடம் ஓடினாள்.

"அண்ணை, குடுத்த பயத்தைத் திருப்பி எடுக்க ஏலாதோ?"

"ஏன் ஏலாது? அதுக்கும் வகுப்புத் துவங்கியிருக்கிறன், தங்கச்சி. வரிசையிலை நில்லுங்கோ."

வரிசையின் கடைசியில் குடையை இறுக்கிப் பிடித்தபடி அதிபர் கனகசபாபதி நின்றார்.

"நீங்களுமோ, சேர்?"

"அந்த மணிக்கூட்டைத் திருத்தித் தாங்கோ எண்டு கல்விக் கந்தோர் பெரிய அதிகாரியிட்டைக் கேக்கவேணும்," என்றார் அவர் மெல்ல. "ஏழு வருசமாய் நாக்கு எழும்புதில்லை."

அப்படியெண்டால் என்ரை பிள்ளையை ஏன் இப்பிடிப் பண்ணினியள் என்று கேட்கக் குணலட்சுமி வாயெடுத்தாள். எதிரில் நிற்பது அதிபரல்லவா? தலை குனிந்துகொண்டு பேசாமல் அவருக்குப் பின்னால் போய் நின்றாள்.