என் வீடு நீங்கலாக

தயிர் பாக்கெட்டை அலசுவதற்கா ஒரு மனிதன் இன்ஜினியரிங் படித்தான்? பெங்களூர் வைட்ஃபீல்ட் அப்பார்ட்மென்டின் நாலாவது மாடியில் மதியழகன் கொதித்துக்கொண்டிருந்தான். ஞாயிறுதோறும் ஒரு வீட்டார் கீழே போய், மாடியின் உலர்குப்பையைப் பிரிக்க வேண்டுமாம். அசோசியேஷன் சட்டம். எதிர்வீட்டு சீனிவாசராகவன் தயிர் பாக்கெட்டைக் கழுவாமலே போடுகிறவர். போன முறை அந்தப் புளித்த நாற்றத்தில் நின்று பிரித்தவள் என்னவோ அவன் மனைவி செண்பகம்தான். கோபம் மட்டும் இவனுடையது.

"அக்கிரமம் செண்பா! இனி நம்ம வீட்டுக்கு டியூட்டியே வராது, பாரு."

"எப்படிங்க?"

அசோசியேஷனின் இணையப் பக்கத்தைச் செய்து கொடுத்தவனே அவன்தான். மாடி ஒரு பெரிய பெட்டி. அதற்குள் வீடுகள் சின்னப் பெட்டிகள். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஆட்களின் பெயர்கள். வீடோ ஆளோ, எது சிவப்பாகிறதோ அதற்கு டியூட்டி.

"இணையப் பக்கம் எழுதற ஜேக்வெரியில சிப்ளிங்ஸ்னு ஒரு கட்டளை இருக்கு, கூடப் பிறந்தவங்கன்னு அர்த்தம். நம்ம வீட்டிலேர்ந்து ஆரம்பிச்சுக் கூப்பிட்டா, அதே பெட்டியில கூட இருக்கிற எல்லாரையும் பிடிச்சிட்டு வந்துடும். ஆரம்பிச்ச ஆளை மட்டும் தொடவே தொடாது! இந்த வாரம் மெகா கிளீனிங்னு போட்டுட்டேன். மத்த வீடெல்லாம் போய் நாறட்டும்."

"ஓ... ஆரம்பிக்கிறவங்க தப்பிச்சுடுவாங்க?"

"அதான் மூளைங்கிறது. லேப்டாப்பை மூடிடாதே, குளிச்சிட்டு வந்து ஏத்திடறேன்."

செண்பகம் ஒரு கம்பெனியில் டெஸ்டர். அடுத்தவர் எழுதிய வரியில் ஓட்டை தேடித்தான் சம்பளமே வாங்குகிறாள். பெருமையில் அது அவனுக்கு மறந்தே போய்விட்டது.

ஞாயிறு காலை. இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தவனை அழைப்பு மணி எழுப்பியது. வாசலில் சீனிவாசராகவன். ஒரு கையில் தயிர் பாக்கெட், மறு கையில் போன்.

"என்ன சார், இந்த வாரம் நீங்க ஒருத்தரேவா? உங்களுக்குப் பெரிய மனசு சார்!"

மதியழகன் போனைப் பிடுங்கிப் பார்த்தான். மாடி முழுக்க வெள்ளை. ஒரே ஒரு பெயர் மட்டும் சிவப்பு. அவன் பெயர்.

"யாரு கை வெச்சது? துரோகம்! நான் எழுதின வரியை மாத்த யாருக்கு உரிமை இருக்கு?"

"உங்க வரி அப்படியேதாங்க இருக்கு," என்றாள் செண்பகம். "நீங்க குளிக்கப் போனப்ப, ஆரம்பிக்கிற இடத்தை மட்டும் மாத்தினேன். நம்ம வீட்டுக்குப் பதிலா என் பேர்லேர்ந்து. நீங்க வந்து பார்க்காமலே ஏத்திட்டீங்க. நம்ம வீட்டுப் பெட்டியில என்கூட இருக்கிறது யாரு? நீங்க ஒருத்தர்தானே?"

அவன் கையில் ரப்பர் கையுறையைத் திணித்துவிட்டு, அவனுடைய போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள்.