சொந்த வீடில்லாத பத்து வீட்டுக்காரர்கள்

காத்தான்குடி, வாவிக்கரை
செவ்வாய்க்கிழமை, அஸருக்குப் பின்

அன்பு மச்சான் றிஸானுக்கு,

உன் மூத்த ராத்தா ஸஹீதாவின் கணவனும், தபாற்கந்தோரில் முப்பத்திரண்டு வருடம் முத்திரை குத்தி ஓய்வுபெற்றவனுமாகிய ஜிப்ரி ஸலாம் கூறி எழுதுவது. இந்த வெள்ளத்திலும் நாங்கள் எல்லோரும் உயிரோடு, உலர்ந்த இடத்தில், வயிறு நிறையச் சாப்பிட்டு இருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். ஆகவே லீவுக்குக் கொடுத்த கடிதத்தை முதலில் திருப்பி வாங்கு. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ என்னை ஒரு வசனத்தையாவது முடிக்க விட்டதில்லை. அதனால்தான் வெள்ளிக்கிழமை தோஹாவுக்கு வரும் நளீரின் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன்.

உன் கவலை எல்லாம் சின்ன ராத்தா முப்லிஹாவைப் பற்றியது என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முந்திய வெள்ளத்தில் அவளை வீல்செயாரிலிருந்து பிளாஸ்டிக் கதிரைக்கு மாற்றி, நாலு பேர் தோளில் வைத்து, இடுப்பளவு தண்ணீரில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே கக்கூசுக்கு ஐந்து படி. படியேற முடியாதவள் இரண்டு நாளும் ஒரு வாய் தேத்தண்ணி கூடக் குடிக்காமல் இருந்தாள். வீடு திரும்பியதும், "என்னச் சாமான் மாதிரி தூக்கிட்டுப் போய் வெச்சீங்க. இன்னொருக்கா தூக்க வந்தா இந்தக் கத்திரிக்கோல் சும்மா இருக்காது" என்றாள். தையல்காரியின் கத்திரிக்கோல், விளையாட்டில்லை.

பிறகு இந்த வருடம் மே மாதத்தில் ஒரு நிறுவனம் வந்து, வாவிக்கரையில் பத்து வீட்டுக்குத் தரையை இரண்டரை அடி உயர்த்தி, கக்கூசையும் உயர்த்தி, தேவையானவர்களுக்குச் சாய்வுப் பாதையும் போட்டுத் தருகிறோம், யாருக்கு முதலில் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள் என்றது. நாங்களும் பள்ளிவாசல் முற்றத்தில் கூடி ஒரு குழு அமைத்தோம். தலைவர் கச்சி முகம்மது, செயலாளர் நான், அங்கத்தவர்கள் எட்டுப் பேர். வீடுகளும் பத்து, நாங்களும் பத்து, கணக்கு எவ்வளவு அழகாகப் பொருந்தியது பார். முப்லிஹாவின் பெயர் விடுபட்டதற்குத் தலைவர்தான் பொறுப்பு. "ஒத்தப் பொம்புளதானே, தண்ணி வந்தா நாம தூக்குவம்" என்று அவர் சொல்லிவிட்டார். செயலாளரின் வேலை எழுதுவது மட்டும்.

அந்த நிறுவனத்துக்காக டவுனிலிருந்து வந்த கெரன் என்ற பிள்ளை பட்டியலைப் பார்த்து, "நல்லது ஐயா, இனி வீட்டு உறுதிகளக் கொண்டு வாங்க" என்றது. பத்துப் பேரும் உறுதிப் பத்திரம் எடுக்க வீட்டுக்கு ஓடினோம். நம்முடைய ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா? உன் வாப்பா இரண்டு மகள்மாருக்கும் ஆளுக்கொரு வீடு எழுதிவிட்டு உனக்கு ஒரு சைக்கிள் தந்தவர். தலைவரின் வீடு மனைவியுடையதாக இருந்து, கல்யாணத்தோடு மகள் பெயருக்குப் போய்விட்டது. மனிதர் பதினாறு வருடமாக மகள் வீட்டில் குடியிருக்கிறார், அதை அன்றுதான் யோசித்திருக்கிறார். நான் போய்க் கேட்டால் ஸஹீதா, "என்ட வீட்டு உறுதி ஒங்களுக்கு எதுக்கு, விக்கவா?" என்கிறாள். வெறுங்கையோடு திரும்பி வந்து நின்ற எங்களைக் கெரன் ஒவ்வொருவராகப் பார்த்தது. "அப்ப ஒருத்தருக்கும் வீடில்லயா?" என்று கேட்டது. வீடுகள் மனைவிமார், மகள்மார் பெயரில் இருக்கின்றன என்று செயலாளர் என்ற முறையில் நான் விளக்கினேன். "அப்ப வீட்டுக்காரங்களக் கூட்டிட்டு வாங்க" என்றது.

வீட்டுக்காரிகள் முப்லிஹாவின் வீட்டில் கூடினார்கள், ஏனென்றால் பெருநாள் உடுப்பெல்லாம் பாதி தைத்தபடி அங்கேதான் கிடந்தது. கெரன் கேட்டது ஒரே கேள்வி: "தண்ணி வந்தா தானா வெளிய போக ஏலாதவங்க ஆரு?" அரை மணித்தியாலத்தில் பட்டியல் முடிந்தது. முதலாவது முப்லிஹா. இரண்டாவது, ஆரையம்பதிப் பக்கம் இறால் பிடிக்கும் தங்கராசாவின் வீடு. அவர் மனைவி மூன்று வருடமாகப் படுத்த படுக்கை. அது நம்முடைய ஒழுங்கையே இல்லை, வேறு தெரு என்று நான் வாசலில் நின்று ஆட்சேபித்தேன். "தண்ணிக்கு ஒழுங்க தெரியுமா?" என்றாள் முப்லிஹா. பதினோராவதாக எங்கள் வீட்டை எழுதச் சொன்னது யார் என்கிறாய், உன் மூத்த ராத்தாவேதான். "எங்க ரெண்டு பேருக்கும் நாலு கால் இருக்கி, நடப்பம்" என்றாள்.

நடந்தோம் மச்சான். போன கிழமை என் வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர் ஏறியதும் நானும் ஸஹீதாவும் தலையில் பாய் சுமந்து நடந்தோம், பின்னால் தலைவரும் குடும்பமும். முப்லிஹா வீட்டுத் தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை. வீல்செயாரில் வாசலுக்கு வந்து, "சாய்வுல பாசி, பாத்து வாங்க மச்சான்" என்றாள். நாலு நாள், பதினொரு பேர். அவள் உத்தரவு போட்டாள், நான் வெங்காயம் உரித்தேன், தலைவர் தேங்காய் துருவினார். அவளை ஒருவரும் தூக்கவில்லை. நினைத்த நேரமெல்லாம் தேத்தண்ணி குடித்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு வந்த நிம்மதியை எழுதத் தெரியவில்லை. தங்கராசாவும் மனைவியைக் கட்டிலோடு வைத்தே வெள்ளத்தைக் கழித்துவிட்டாராம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள், தொழுகையை விடாதே, வெயிலில் தொப்பி போடு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் பொறுமையான முதலாளியையும் தருவானாக.

இப்படிக்கு,
ஜிப்ரி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் முப்லிஹா வாங்கி வாசித்துவிட்டாள். "பாவம் அந்த மனுசன், அவர்ர தலையில ஏன் போடுறீங்க?" என்றாள். உண்மை இதுதான். முதல் பட்டியலில் தலைவர் முதலாவதாகச் சொன்னதே அவளுடைய பெயரைத்தான். பத்துக்கு மேல் இடமில்லாததால் என் வீடு வெளியே போனது. வீட்டுக்கு எடுத்துப்போய் நல்லபடியாக எழுதி வருகிறேன் என்று சொல்லி அவள் பெயரை வெட்டி என் பெயரைப் போட்டவன் நான். நாம் தூக்குவோம் என்றதும் நான்தான். அந்தத் தாளைக் கெரன், வீட்டுக்காரிகள் கூடிய அன்றைக்கே அவளிடம் காட்டியிருக்கிறது, என் கையெழுத்தை அவளுக்குத் தெரியாதா? எல்லாம் தெரிந்துகொண்டுதான் எனக்குக் கதவைத் திறந்திருக்கிறாள். மன்னிப்புக் கேட்டேன். "எனக்கிட்டக் கேக்க வேணாம், அத ஒங்கட கையால என்ட தம்பிக்கு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.