இறாத்தல் அண்ணையின் ‘மற்றது’

மொன்ட்ரியாலில் தன் நிறையை உண்மையாகச் சொன்ன தமிழர் ஒருவர்கூடக் கிடையாது என்று வருடக்கணக்காக அடித்துச் சொல்லி, மறுத்தவர்களை அந்த இடத்திலேயே தராசில் ஏற்றியும் காட்டிய ஒரே மனிதர் எங்கள் இறாத்தல் அண்ணைதான்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். பதினேழு வருடப் பழக்கத்தில் எனக்கு அது தெரியாது. புவாண்ட்-கிளேரில் ஒரு வேர்ஹவுஸில் இருவரும் ஒன்றாக வேலை செய்தோம். வந்து இறங்கும் பெட்டிகளை நிறுத்து எடுப்பது அவர் வேலை. ஊர் உலகமெல்லாம் பவுண்ட் என்று சொல்வதை அவர் மட்டும் பிடிவாதமாக இறாத்தல் என்றே சொன்னதால் வந்த பெயர் அது. பெட்டியில் நானூறு இறாத்தல் என்று எழுதியிருக்கும். எழுதியவனை அண்ணைக்குத் தெரியாது. தெரியாதவன் எழுதியதை எப்படி நம்புவது? தெரிந்தவன் எழுதியிருந்தால் அறவே நம்பமாட்டார்.

ஒருமுறை தமிழ்க் கடையில் ஐம்பது இறாத்தல் அரிசி மூட்டை வாங்கி, வீட்டில் கொண்டுபோய் நிறுத்திருக்கிறார். ஐம்பத்தொன்று இருந்தது. வேறு யாராவது என்றால் கடவுளுக்கு நன்றி சொல்லிச் சோறு சமைப்பார்கள். இவர் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குத் திரும்பிப் போனார்.

"ஏன் கூடப் போட்டனீர்?"

"அண்ணை, கூட இருந்தால் நல்லதுதானே?"

"அதைத்தான் கேக்கிறன். சும்மா ஏன் ஒருத்தன் கூடப் போடுவான்? உதிலை ஏதோ விசயம் இருக்கு."

கடைக்காரர் அன்றிலிருந்து அவரைக் கண்டாலே மீன் வெட்டப் பின்பக்கம் போய்விடுவார்.

கலியாண வீடொன்றில் நடந்ததும் கொஞ்சமல்ல. மண்டபம் மூன்றாம் மாடியில். லிஃப்டில் மாப்பிள்ளை, தோழன், தட்டு ஏந்திய ஐந்தாறு பெண்கள். கதவு மூடப்போகும் நேரம் அண்ணை காலை நீட்டி மறித்தார். உள்ளே ஒட்டியிருந்த தகட்டை வாசித்தார். பிறகு ஒவ்வொரு பெண்ணிடமும், "தங்கச்சி, நீர் எத்தினை இறாத்தல்?" என்று வாய்கூசாமல் கேட்டார். சொன்னார்கள். அவர் கணக்கில் ஒரு விதி உண்டு: யார் என்ன சொன்னாலும் பதினைந்து கூட்டிப் போடுவது. கூட்டிப் பார்த்து மூன்று பேரை இறக்கினார். அதில் ஒருவர் மாப்பிள்ளை. அவர் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் ஏறிப் போய்த்தான் தாலி கட்டினார்.

அண்ணைக்குக் கலியாணம் நடக்கவில்லை. மூன்று சம்பந்தம் வந்ததாம், மூன்றையும் விசாரித்தே கலைத்துவிட்டார். லாசாலில் ஒரு பேஸ்மென்ட் அறையில் தனியாக இருந்தார். கோடை வந்தால் எல்லோரும் குடும்பத்தோடு எங்கேயாவது போவோம். அவரை யாரும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால், ஏன் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்பாரே!

இனி என் கதை. என் மூத்த மகளுக்கு ஒட்டாவாவில் பல்கலைக்கழகம் கிடைத்தது. செப்டெம்பரில் போய்விடுவாள். அதற்கு முன் நாலு பேருமாகக் கிழக்குக் கடலோரத்துக் காஸ்பே வரை ஒரு பெரிய பயணம் போகவேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. இனி அவள் எங்களோடு ஒரே கூரைக்குள் இரண்டு கிழமை இருப்பாளோ, யார் கண்டது? என்னிடம் ஒரு பிக்கப் இருந்தது. அதற்கு ஒரு ஃபிஃப்த் வீல் ட்ரெயிலர் வாங்கினால் வீட்டையே இழுத்துக்கொண்டு போகலாம் என்று தீர்மானித்தேன்.

அந்த ட்ரெயிலரைச் சாதாரண ட்ரெயிலர்போல வண்டியின் வாலில் கொழுவுவதில்லை. பிக்கப்பின் பின்பெட்டிக்குள் பெரிய பூட்டு ஒன்றைப் பொருத்தி, ட்ரெயிலரின் மூக்கை அதன்மேல் ஏற்றி உட்கார்த்துவார்கள். பெயர் என்னவோ ஐந்தாம் சில்லு. முழுவதும் தேடினாலும் அப்படி ஒரு சில்லு இருக்காது.

"இல்லாத சில்லை இருக்கெண்டு பேர் வைச்சவன், வேற என்னத்தையெல்லாம் மறைச்சிருப்பான்?" என்றார் அண்ணை. ட்ரெயிலர் பார்க்க லாவாலுக்கு அங்கால் போகும்போது துணைக்குக் கூட்டிப்போயிருந்தேன். அது நான் செய்த முதல் பிழை.

விற்பனைக்காரர் நல்ல சிரித்த முகம். என் பிக்கப்பின் முதுகில் தட்டி, பதினாலாயிரம் பவுண்ட் இழுக்கும் என்றார். "பா து ப்ரொப்ளேம்!" பிரச்சினையே இல்லை என்று மூன்று தரம் சொன்னார்.

"ஒருதரம் சொல்லியிருந்தால் நம்பியிருப்பன்" என்று முணுமுணுத்த அண்ணை, சாரதிப் பக்கக் கதவைத் திறந்து, குந்தியிருந்து, கண்ணாடியை மாட்டி, கதவோரம் ஒட்டியிருந்த மஞ்சள் ஸ்டிக்கரை வாசித்தார். ஆட்களும் சாமானும் சேர்த்து இரண்டாயிரத்து முந்நூறு பவுண்டுக்கு மேல் ஏற்றக்கூடாது. நாலு வருடம் ஓட்டிய வண்டி, நான் அதை வாசித்ததே கிடையாது.

"தம்பி, இழுக்கிறது வேற, சுமக்கிறது வேற. உவன் இழுக்கிறதைப் பற்றி மட்டும்தான் கதைக்கிறான். உந்த மூக்கு உம்மடை வண்டியின்ரை முதுகிலை ஏறி இருக்கப்போகுது. அது எத்தினை இறாத்தல் எண்டு கேட்டனீரோ?"

நான் கேட்கவில்லை. பிறகுதான் விற்பனைக்காரரிடம் கேட்டோம். ட்ரெயிலரின் முழுப் பாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மூக்கில் இறங்குமாம். நான் ஆசைப்பட்டது பத்தாயிரம் பவுண்ட் மாளிகை. மூக்கு மட்டும் இரண்டாயிரம். மிச்சம் முந்நூறுக்குள் நானும் மனைவியும் ஏறினாலே கூடிவிடும், பிள்ளைகளை பஸ்ஸில்தான் அனுப்பவேண்டும். மனமில்லாமல் ஏழாயிரம் பவுண்ட் பாரத்தில் ஒரு சின்ன ட்ரெயிலரைப் பார்த்து வைத்துவிட்டு வந்தோம். உள்ளே ஒரு கட்டில் அறை, பிள்ளைகளுக்கு இரண்டு தட்டுக் கட்டில், மடித்தால் படுக்கையாகும் ஒரு சாப்பாட்டு மேசை. எங்களுக்கு அது காணும்.

அடுத்த சனிக்கிழமை அண்ணை தராசோடு வீட்டுக்கு வந்தார். சப்பாத்து, கைப்பை, ஃபோன் எல்லாவற்றோடும் ஏறவேண்டும் என்று கட்டளை. என் மனைவி வதனி ஏற மறுத்தாள்.

"தராசெல்லாம் வேண்டாம் அண்ணை. நான் நூற்றி முப்பத்தெட்டு. எழுதுங்கோ."

அண்ணை தலை நிமிராமல் நூற்றைம்பத்து மூன்று என்று எழுதினார். அதை எட்டிப் பார்த்த வதனிக்கு வந்த கோபத்தில் தராசில் பாய்ந்து ஏறினாள். நூற்றைம்பத்திரண்டு.

"ஒண்டு கூடிப்போச்சு. மன்னிச்சுக்கொள்ளும் தங்கச்சி" என்று அண்ணை பணிவோடு அழித்து எழுதினார். பிள்ளைகள் இரண்டும் சிரிக்கப் பயந்து குசினிக்குள் ஓடிவிட்டன.

பிறகு சாமான். கனடாக்காரன் காம்பிங் போனால் ஒரு கூடாரமும் நாலு சொசேஜும் கொண்டுபோவான். நாங்கள் அப்படியா? வதனி தோசை மா அரைக்கும் கிரைண்டரை எடுத்து வைத்தாள். இடியப்ப உரல், நீத்துப்பெட்டி, ஒரு பெட்டி தேங்காய், அரிசி. என் பங்குக்கு, ஆசையாக வாங்கிய ஜெனரேட்டர். எல்லாம் தராசில் ஏறி இறங்கின.

கடைசியில் ஒரு தாளை நீட்டினார். ட்ரெயிலரின் மூக்கு, பூட்டு, நாங்கள் நாலு பேர், பின்பெட்டிச் சாமான் எல்லாம் வரிசையாக இருந்தன. அடியில் ஒரு வரி: மற்றது, 154. அதன் கீழே இரண்டு கோடு போட்டு, ‘114 இறாத்தல் கூட. போகக்கூடாது.’

"மற்றது எண்டால் என்னண்ணை?"

"மற்றது எண்டால் மற்றதுதான்."

"நூற்றைம்பத்து நாலுக்கு என்ன மற்றது?"

"எல்லாத்தையும் எழுதேலாது தம்பி. காஸ்பே றோட்டிலை இறக்கம் இருக்கு. பிள்ளையளோடை போறனீர். நான் போகக்கூடாது எண்டு எழுதிப்போட்டன். காணும்."

அவர் போனதும் நான் அந்த மற்றதைக் கழித்துப் பார்த்தேன். நாற்பது இறாத்தல் மிச்சம்! தாராளமாகப் போகலாம். அந்த ஒரு வரிதான் எங்கள் பயணத்தைக் குழப்பிக்கொண்டிருந்தது. பதினேழு வருடத்தில் முதல் தடவையாக எனக்கு அண்ணையில் சந்தேகம் வந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது.

அது முளைவிட்ட நேரம் விற்பனைக்காரர் ஃபோன் எடுத்தார். உங்கள் நண்பர் ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்தார், உங்கள் ட்ரெயிலருக்குள் ஒரு மணித்தியாலம் இருந்தார் என்றார். சாப்பாட்டு மேசையை மடித்து, அதன் நீளத்தை அளந்தாராம். சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் படுத்தும் பார்த்தாராம்.

"இஞ்சேருங்கோ, எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் வதனி. "எங்களுக்குக் கூடாதெண்டு எழுதித் தந்திட்டு, தான் வாங்கப் பார்க்கிறார்."

"அவரிட்டை இருக்கிறது ஒரு பழங்கார். ட்ரெயிலர் வாங்கி என்ன செய்வார்?"

"விப்பார்! அந்த மனிசன் சும்மா ஒண்டும் செய்யாது."

அண்ணையின் வியாதி எங்கள் வீட்டுக்குள் குடிவந்துவிட்டது. அடுத்த நாளே ஓடிப்போய் ட்ரெயிலரை வாங்கினேன். வாங்கியதோடு நின்றேனா? புறப்படும் நாள் காலை, லாசாலில் பழைய இரும்பு வாங்கும் யார்ட் ஒன்றில் லொறி நிறுக்கும் தராசு இருக்கிறது, அங்கே வாருங்கள் என்று அண்ணைக்குச் சொல்லிவிட்டேன். அவர் கண்முன்னாலேயே நிறுத்துக் காட்டி மூக்கை உடைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு கறுவல்.

வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, தலைக்கு எண்ணெய். வதனி என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள்.

பிக்கப்பின் நாலு சில்லும் தராசுத் தட்டில், ட்ரெயிலரின் சில்லுகள் வெளியே. நாலு பேரும் உள்ளே இருந்தோம். சாமான் எல்லாம் பின்பெட்டியில். என் வண்டி தன் சொந்தப் பாரமும் சுமையுமாக நாலாயிரத்து ஐந்நூற்று முப்பது கிலோவுக்கு மேல் போகக்கூடாது. கண்ணாடி அறைக்கு மேலே சிவப்பு எழுத்தில் இலக்கம் வந்தது. 4,580.

ஐம்பது கிலோ கூட! அண்ணையின் தாளில் இருந்த நூற்றுப் பதினாலு இறாத்தலும் ஏறக்குறைய அதுதான். என் முகம் செத்துப்போயிற்று. பின்சீட்டில் மூத்தவள், "அப்பா, அப்ப நாங்கள் போகேல்லையா?" என்று கேட்டாள். இவரைப் போய்ச் சந்தேகப்பட்டேனே!

அந்த நேரம் கண்ணாடி அறைக்குள் இருந்தவர் ஒலிபெருக்கியில் கத்தினார். "மெசியு! மெசியு! தட்டிலிருந்து இறங்குங்கள்!" பிரெஞ்சில் ஒருதரம், இங்கிலீசில் ஒருதரம்.

எட்டிப் பார்த்தேன். அண்ணை பின்சில்லுக்குப் பக்கத்தில், தட்டின்மேல் குந்தியிருந்து டயரைச் சந்தேகத்தோடு அமத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு எழும்பி, கீழே இறங்கினார்.

4,510.

எழுபது கிலோ குறைந்தது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. வதனிக்கு முதலில் விளங்கிவிட்டது. அவள் கதவைத் திறந்து இறங்கி, நேரே அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"அண்ணை, எழுபது கிலோ எண்டால் எத்தினை இறாத்தல்?"

கேட்ட கணத்தில் கணக்குச் சொல்லும் மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

"நூற்றைம்பத்து நாலு. உந்த மற்றது நீங்களோ?"

அண்ணை டயரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியில் மஞ்சள் ஸ்டிக்கரைக் காட்டினார். "அஞ்சு சீட் எண்டு போட்டிருக்கு தங்கச்சி. நீங்கள் நாலு பேர். அஞ்சாவது சீட்டை வெறுமையா விட்டுக் கணக்குப் போடக்கூடாது. ஆரும் ஏறலாம்."

"அந்த ஆர் மேசையிலை படுத்துப் பார்த்ததோ?"

அண்ணை காதோரம் சிவந்துபோய் நின்றார். எனக்கு அப்போதுதான் கணக்கு விளங்கியது. தன்னைச் சேர்த்தால் பாரம் கூடுகிறது, விட்டால் சரியாகிறது. தாளில் தன்னை வெட்டவும் மனம் வரவில்லை, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கூடின பாரத்தோடு போகச் சொல்லவும் மனம் வரவில்லை. அதனால் போகக்கூடாது என்று எழுதியிருக்கிறார் மனிதர். நானோ அவரைத் திருட்டு வியாபாரி ஆக்கினேன்!

"வாருங்கோ அண்ணை, எங்களோடை" என்றேன்.

கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏன் கூப்பிடுறீர்? உதிலை ஏதோ விசயம் இருக்கு."

"ஒரு விசயமும் இல்லை. ஏறுங்கோ."

"ஐம்பது கிலோ கூடுது தம்பி. ஏலாது."

வதனி அதற்குள் பின்பெட்டியைத் திறந்துவிட்டாள். முதலில் வெளியே வந்தது என் ஜெனரேட்டர். "ஐயோ, அது..." என்று தொடங்கினேன். "காம்பிங் இடத்திலை கரண்ட் இருக்கு" என்றாள். அடுத்து அவளுடைய கிரைண்டரையே தூக்கி இறக்கினாள். கிரைண்டர் இல்லாமல் பக்கத்து ஊருக்குக்கூடப் போகாத பெண் அவள். இரண்டையும் அண்ணையின் பழங்கார் டிக்கிக்குள் வைத்துப் பூட்டப் போனபோது, உள்ளே ஒரு சின்னப் பயணப் பை ஆயத்தமாக இருந்தது.

"உது எப்பவும் காருக்குள்ளை கிடக்கும். எதுக்கும் எண்டு" என்று அவசரமாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பதினொரு இறாத்தல். அதைக் கணக்கிலை விட்டிட்டன்" என்றார். என் அறிவில் அவர் கணக்கில் விட்ட பிழை அது ஒன்றுதான்.

மறுபடி நிறுத்தோம், ஐந்து பேரும் பையுமாக. இலக்கம் எல்லைக்குள் நின்றது. அண்ணை பின்சீட்டில், என் இரண்டு பெண்களுக்கும் நடுவில், பெல்ட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். காஸ்பே போய்ச் சேரும்வரை ஒவ்வொரு பாலத்திலும் எத்தனை தொன் தாங்கும் என்ற பலகையை உரத்து வாசித்தார். பிள்ளைகள் போட்டிக்கு வாசித்தார்கள். மூத்தவள் அப்படிச் சிரித்து நான் வருடக்கணக்காகப் பார்த்ததில்லை.

அது மூன்று கோடைக்கு முந்திய கதை. அதன் பிறகும் ஒவ்வொரு கோடையும் போகிறோம், ஒட்டாவாவிலிருந்து மூத்தவளும் வந்துவிடுகிறாள். வதனியின் கைச்சாப்பாட்டில் அண்ணை நன்றாகத் தேறிவிட்டார். கேட்டால் இன்னும் நூற்றைம்பத்து நாலு என்றுதான் சாதிக்கிறார். நானும் தலை நிமிராமல் பதினைந்து கூட்டி எழுதிக்கொள்கிறேன். பாரம் கூடினால் புறப்படுமுன் எதையாவது வீட்டில் இறக்கி வைக்கிறோம். போன வருடம் தேங்காய்ப் பெட்டி, இந்த வருடம் என் மடக்குக் கதிரை. அவரை மட்டும் இறக்கியதில்லை.