ஜெர்மன் மொபெட்டின் முழு வரலாறு

எனக்கு எதையும் பாதியில் நிறுத்தத் தெரியாது. பேச்சும் அப்படித்தான், வண்டியும் அப்படித்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் திருவொற்றியூர்ப் பட்டறை ஒன்றில் லேத் ஓட்டிக்கொண்டே கஸ்தூரியை நினைத்து உருகிக்கொண்டிருந்தேன். அவளுக்கும் சம்மதம். அவள் அப்பா தனகோட்டி, ராயபுரத்துக்காரர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். துறைமுக ஏலத்தில் எடுத்த ஜெர்மன் மொபெட் ஒன்றுதான் அவருக்கு உயிர்.

“ஞாயித்துக்கெயம வந்து வண்டிய ஓட்டு. நீ எப்டியாப்பட்ட ஆளுன்னு அப்பால சொல்றேன்” என்றார்.

அந்த வண்டியை எப்படி ஓட்டுவது என்று நான் யாரிடமாவது கேட்டேனா? ம்ஹூம். நூலகத்தில் உட்கார்ந்து அந்தக் கம்பெனியின் வரலாற்றை மனப்பாடம் செய்தேன். (அதன் பெயர் வாயில் நுழையவே ஒரு வாரம் ஆனது.)

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். கடற்காற்று முகத்தில் பட்டதும் ராயபுரம் மெல்ல மறைந்து ஜெர்மனி வந்தது. ஊசியிலை மரங்கள், பனிமூட்டம், சங்கு ஊதியதும் மொபெட்டில் வீடு திரும்பும் தொழிலாளிகள். அவர்களில் ஒருவனாக நான். என் முதுகில் சாய்ந்தபடி கஸ்தூரி. (சாய்ந்திருந்தது அவள் அப்பாவின் தொப்பை.)

“மாமா, இவங்க மொதல்ல சைக்கிள்தான் பண்ணாங்க...”

“தம்பி, பிரேக்கு...”

“இருங்க மாமா. உலகச் சண்டை முடிஞ்சப்ப ஜனங்க கையில காசில்ல. சின்ன மோட்டார வெச்சு வித்தாங்க.”

“அது கெடக்கட்டும்பா, இதுல பிரேக்கு இன்னான்னா...”

“அப்புறம் எல்லாரும் கார் வாங்கிட்டாங்க மாமா! கம்பெனியவே மூடிட்டாங்க!”

சொல்லும்போது எனக்குக் கண் கலங்கியது. துடைத்துவிட்டுப் பார்த்தால் எதிரே மீன்வண்டி. இடது கைப்பிடியை இறுக்கினேன். அது கிளட்ச். வண்டி இன்னும் ஆனந்தமாக ஓடி, ஓரத்தில் குவித்திருந்த மீன்வலைக்குள் எங்கள் இருவரையும் கொண்டுபோய்ச் சேர்த்தது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால்தான் நிற்குமாம். வரலாற்றில் அதை ஒருவரும் எழுதவில்லை!

வலையைச் சரிசெய்துகொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். “அடேங்கப்பா, பெரிய மீனா மாட்டிக்கினு கீதே!”

தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கஸ்தூரி ஓடி வந்தாள்.

“பிரேக்கு எங்க கீதுன்னே தெரியல, இவனுக்கா உன்ன குடுப்பேன்?” என்று வலைக்குள்ளிருந்து கத்தினார் தனகோட்டி.

“நீ சொல்லலியா நைனா?”

“சொல்ல வுட்டானா இவன்!”

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கோ எல்லாம் போச்சு என்றே தோன்றியது. வலைக்குள் என் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக் கிடந்த தனகோட்டி மெதுவாகக் கேட்டார்.

“கம்பெனிய மூடிட்டான்னியே, அதுல வேல செஞ்சவங்கோ இன்னா ஆனாங்கோ?”

“தெரியல மாமா.”

“அப்பாடா! இப்பதான்டா நின்ன. ஒனக்கும் பிரேக்கு கீது” என்றார். ஆறு மாதத்தில் கல்யாணம்.

போன மாதம் மகளின் கல்லூரி விழாவில் நான் இரண்டு வார்த்தை பேசினேன். அரைமணி நேரம் ஆகிவிட்டது போலிருக்கிறது. முன்வரிசையில் மனைவி, மகள், மாமனார் மூவரும் உட்கார்ந்தபடியே இல்லாத பெடலைப் பின்னால் மிதித்துக்கொண்டிருந்தார்கள்.