உடும்பு தனியாகக் கோல்ஃப் ஆடப் போன கதை

ஒரு காட்டில் ஓர் உடும்பு இருந்தது. உடல்தான் காட்டில் இருந்ததே தவிர, மனசு எப்போதும் சீராக வெட்டிய புல்வெளியில் இருந்தது. அதன் பெயர் கோட்டைச்சாமி.

அந்தக் காட்டில் தண்ணீர் குடிக்கக்கூட டோக்கன் வாங்க வேண்டும். டோக்கன் கொடுக்கும் கவுண்ட்டரில்தான் கோட்டைச்சாமிக்கு வேலை. யானை வரிசையில் நிற்காது. எலி நின்றாலும் நிற்பது தெரியாது. குரங்கு ஒன்று முன்னால் நின்று இடம் பிடிக்க, அதன் இனமே பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும். இவற்றோடு பகலெல்லாம் மல்லுக்கட்டிவிட்டு வந்து, சாயங்காலம் ஒரு குச்சியை எடுத்து நெல்லிக்காயை அடிக்கும் கோட்டைச்சாமி. போனில் பார்த்துக் கற்றுக்கொண்ட ஆட்டம். நெல்லிக்காய் எதிர்த்துப் பேசாது என்பதால் கோல்ஃபின் மேல் அதற்குக் காதல் வந்தது.

ஒருமுறையாவது நிஜமான மைதானத்தில், யார் தொந்தரவும் இல்லாமல் தனியாக ஆட வேண்டும் என்று அதற்கு ஆசை. டிராவல்ஸ் வைத்திருந்த நரியிடம் போனது.

கதையில் நரி வந்தால் ஏமாற்றும் என்று நீங்கள் நினைப்பது நரிக்கும் தெரியும். அந்த வருத்தத்தில்தான் அது நேர்மையான ஆலோசனை சொல்ல ஆரம்பித்தது. அன்றிலிருந்து அதன் வியாபாரம் படுத்துவிட்டது.

"முகில்மேட்டுல ஒரு ரிசார்ட் இருக்கு சார். தங்கற ரூமும் மைதானமும் ஒரே இடம். தனியாப் போறவங்க வண்டிக்கு அலைய வேண்டாம்" என்றது நரி. "வார நடுவுல போங்க, கூட்டம் இருக்காது. மட்டைத் தலைக்கெல்லாம் பழைய சாக்ஸ மாட்டிக் கட்டுங்க, அடிபடாது. சாப்பிடப் போனா மூலை மேசைய விட்டுட்டு நடுவுல உக்காருங்க. பேச்சுத்துணை கெடைக்கும்."

"பேச்சுத்துணை வேணாம்னுதானய்யா போறேன்."

"அப்ப இதக் கண்டிப்பாக் கேளுங்க. தனியா வந்தவங்கள அங்க மத்தவங்களோட சேத்து நாலு பேராத்தான் அனுப்புவாங்க. மறுத்துறாதீங்க. நல்லா ஆடுறது பாதிதான் சார். அத இன்னொருத்தர் பாக்குறதுதான் மீதி."

கோட்டைச்சாமி இதை மட்டும் காதில் வாங்கவில்லை.

வீட்டில் சொன்னபோது மனைவி பஞ்சவர்ணம் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பியது.

"பொண்டாட்டிய விட்டுட்டு ஒத்தையில மலைக்குப் போறாராம். போயி பந்து அடிக்கிறாராம். இத எவகிட்டயாவது சொல்லிப் பாருங்க, நம்புறாளான்னு."

"சத்தியமா பந்துதான் அடிக்கப் போறேன் பஞ்சு."

"பந்து இங்க அடிக்கக் கூடாதா? நெல்லிக்காய்க்கா பஞ்சம்? போறதுன்னா போங்க. ஆனா நீங்க அங்க பந்துதான் அடிச்சீங்கன்னு எனக்கு நம்பிக்கை வரணும். வரலைன்னா நான் எங்க புத்துக்குப் போயிருவேன்."

பஞ்சவர்ணம் சொன்னால் செய்யும். கோட்டைச்சாமிக்குப் பஞ்சவர்ணம் இல்லாமல் சரிப்படாது. ஆகவே உண்மையை மட்டும் ஒழுங்காக எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும் என்று முடிவு செய்து அது கிளம்பியது.

ரிசார்ட்டில் கிளப் செயலாளராக இருந்த காட்டுப்பன்றி, கோட் போட்டு வரவேற்றது.

"தனியாவா வந்திருக்கீங்க? அதனாலென்ன, நல்ல துணையாச் சேத்து விடுறேன்" என்று ஒரு பக்கம் கை காட்டியது. அங்கே மூன்று கழுகுகள் மட்டையோடு நின்றன. மூன்றும் கோட்டைச்சாமியை வால் நுனியிலிருந்து மெதுவாகப் பார்த்துக்கொண்டு வந்தன.

"வாங்க வாங்க, சேந்தே ஆடலாம்" என்றது அதில் மூத்த கழுகு. உதட்டை நனைத்துக்கொள்ள அதற்கு உதடு இல்லை.

"நான் ஒத்தையிலயே ஆடிக்கிறேன்" என்றது கோட்டைச்சாமி.

தனியாக ஆடினாலும் மட்டைப் பை தூக்க ஓர் ஆள் உண்டு என்று ஓர் ஆந்தையைக் கூட அனுப்பினார்கள். ஆந்தைக்குப் பகல் ஷிப்ட் போட்டது யார் என்று தெரியவில்லை. பை அதைத் தூக்கியதா, அது பையைத் தூக்கியதா என்று சொல்ல முடியாதபடி அது நடந்தது.

அன்று கோட்டைச்சாமி மகிழ்ச்சியாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? காற்று குளிர்ந்தது. யாரும் டோக்கன் கேட்கவில்லை. பந்துகள் பாதி புதருக்குள் போயின, கோட்டைச்சாமி கவலைப்படவில்லை. உடும்புக்கு மட்டையைப் பிடித்தால் விட வராது. கோல்ஃபில் இறுக்கிப் பிடிக்கக் கூடாது என்பார்கள். அதற்கு உடும்பு என்ன செய்யும்?

ஒரு குளத்தைத் தாண்டி அடிக்க வேண்டிய இடம் வந்தது. அக்கரையில் கொடியும், கொடியின் அடியில் குழியும் தெரிந்தன. கோட்டைச்சாமி நெல்லிக்காயை நினைத்துக்கொண்டு ஓர் அடி அடித்தது. பந்து குளத்தைத் தாண்டியது, புல்லில் விழுந்தது, யாரோ கூப்பிட்டது போல உருண்டு போய்க் குழிக்குள் இறங்கியது.

ஒரே அடி. இதற்கு ஹோல்-இன்-ஒன் என்று பெயர். பிறந்ததிலிருந்து ஆடுகிறவர்களுக்கும் வாய்க்காது.

"பாத்தியா! பாத்தியாடா!" என்று கோட்டைச்சாமி கத்தித் திரும்பியது. ஆந்தை பையின் மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

எழுப்பி, குழியின் பக்கத்தில் நின்று, ஆந்தையை ஒரு படம் எடுக்கச் சொன்னது. பிறகு கிளப்புக்கு ஓடியது.

"ரொம்ப சந்தோஷம். இங்க ரெண்டு வழக்கம்" என்றது காட்டுப்பன்றி. "ஒரே அடியில போட்டவங்க பேரு அந்தப் பலகையில ஏறும். அதுக்குப் பாத்த சாட்சி வேணும். அப்புறம், போட்டவங்க கிளப்புல இருக்கிற எல்லாருக்கும் விருந்து வைக்கணும். யாரு பாத்தா?"

"இந்த ஆந்தை."

"நான் பாக்கலைங்க, தூங்கிட்டேன்" என்றது ஆந்தை. காட்டிலேயே நேர்மையான பறவை அது.

"அப்படின்னா வருத்தந்தான் சார். சாட்சி இல்லாம ஒண்ணும் செய்ய முடியாது."

கிளப்பில் இருந்தவை எல்லாம் தத்தம் தட்டைப் பார்த்துக்கொண்டன. வீட்டில் பஞ்சவர்ணம் மூட்டை கட்டுவது கோட்டைச்சாமியின் கண்ணில் தெரிந்தது.

"அப்ப விருந்தும் வேண்டாம்" என்றது. "சந்தோஷத்துல வர்ற வழியிலயே சமையல்கட்டுல சொல்லிட்டேன். முட்டை போண்டாவும் பால் பாயசமும். நிப்பாட்டச் சொல்லிர்றேன்."

நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது.

"இருங்க" என்றது மூத்த கழுகு. "நாங்க மேல இருந்து பாத்தோம். காலையில இருந்து உங்களத்தான் பாத்துக்கிட்டிருக்கோம்." பந்து குழியில் விழுந்த நேரத்தில் அவை புதரில் தொலைந்த பந்தைத் தேடிக்கொண்டிருந்தன.

"நானும் பாத்தேன்" என்றது ஒரு காட்டெருமை. "பந்து என் கொம்பை உரசிக்கிட்டுப் போச்சே!" அது அன்று அறையை விட்டே வெளியே வரவில்லை.

குளத்து ஆமைகள் பார்த்திருந்தன. அன்று மதியம்தான் வந்திறங்கிய மான் ஜோடி பார்த்திருந்தது. கடைசியில் எல்லாரும் ஆந்தையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாக்காதவங்களுக்குப் போண்டா கெடையாது" என்றது காட்டுப்பன்றி.

ஆந்தை சற்று நேரம் மனசாட்சியோடு போராடியது. "அரைக்கண்ணால பாத்தேங்க" என்றது. அதற்குப் பாதி போண்டா கொடுத்தார்கள்.

பெயர் பலகையில் ஏறியது. உண்மை என்பது விருந்து வைத்தால் ஊன்றி நிற்கும் என்று கோட்டைச்சாமி தெரிந்துகொண்டது. பிழை அங்கேதான் நடந்தது.

ஊர் திரும்பியதும் வீட்டு வாசலில் ஈசல் வறுவலும் பானகமும் வைத்து எல்லாரையும் கூப்பிட்டது. நடந்ததைச் சொல்லிப் படத்தைக் காட்டியது.

பஞ்சவர்ணம் படத்தை நெருக்கிப் பார்த்தது. "ஒத்தையில போனேன்னீங்க. இந்தப் படத்த யாரு எடுத்தா?"

"ஆந்தை."

"அது தூங்கிக்கிட்டிருந்துச்சுன்னு இப்பத்தான சொன்னீங்க?"

"அப்புறம் முழிச்சிருச்சு."

"ம்."

அந்த 'ம்' கோட்டைச்சாமியைக் கலக்கியது. அங்கே மட்டும் நிறுத்தியிருக்கலாம். ஆனால் பிடித்ததை விடாத குலம் அல்லவா? கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தது. வேலியின் மேல் பஞ்சவர்ணத்தின் தம்பி ஓணான், ஈசல் தட்டோடு உட்கார்ந்திருந்தது. வேலிக்கு ஓணான் சாட்சி என்று சும்மாவா சொன்னார்கள்?

"மாப்ள, நீயும் பாத்தேல்ல?" என்றது கோட்டைச்சாமி.

ஓணான் தலையை ஆட்டியது. "பாத்தேன் மச்சான். என்னா அடி! கண்ணுக்குள்ளயே நிக்குது."

பஞ்சவர்ணம் எழுந்தது. "டேய், இவரு ஊருல இல்லாத அத்தன நாளும் நீ எங்க வீட்டுல உக்காந்து தின்னுக்கிட்டு இருந்தே."

"ஆமாக்கா, தின்னேன்" என்று ஓணான் அதற்கும் தலையை ஆட்டியது.

பஞ்சவர்ணம் உள்ளே போய்த் துணிகளை மடிக்க ஆரம்பித்தது. கோட்டைச்சாமி பின்னாலேயே ஓடியது. வாழ்நாளில் ஒரே ஒரு அதிசயம் செய்திருந்தது. அதைச் சொல்லச் சொல்ல அது பொய்யாகிக்கொண்டே போனது. அழுகை வந்துவிட்டது.

"நெசமாச் சொல்லுங்க" என்றது பஞ்சவர்ணம் மடித்துக்கொண்டே. "அங்க என்ன செஞ்சீங்க?"

கோட்டைச்சாமி மனைவியையும் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தது.

"சீட்டாடினேன்" என்றது. "முயலுங்களோட. எல்லா ஆட்டத்துலயும் தோத்துட்டேன்."

பஞ்சவர்ணத்தின் கை நின்றது. முகம் தெளிந்தது.

"இத மொதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா என்னவாம்? பந்து அடிச்சாராம், குழியில விழுந்துச்சாம்! உங்க மூஞ்சியப் பாத்தாலே தோத்த மூஞ்சின்னு தெரியுதே." மூட்டை பிரிந்தது. "கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்."

யார் பார்த்தார்கள் என்று அது கேட்கவில்லை. ஆனாலும் ஜன்னலில் ஓணானின் தலை எட்டிப் பார்த்து ஆடியது.

"நானும் பாத்தேன்க்கா. பாவம், ரொம்பத் தோத்தாரு."

"நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றது பஞ்சவர்ணம்.

அடுத்த வருடமும் கோட்டைச்சாமி முகில்மேட்டுக்குப் போனது. சீட்டாடப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனது. மட்டைத் தலைகளுக்குப் பழைய சாக்ஸ் மாட்டிக் கட்டிக் கொடுத்தது பஞ்சவர்ணம்தான்.

நீதி: பொய்யோடு போகிறவருக்கு ஒரு டிக்கெட் போதும், உண்மையோடு போகிறவர் சாட்சிக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கவும்.