அவருக்குத் தலை, எனக்குப் பூ

என் வீட்டுக்காரர் நாணயமானவர் என்று தெருவே சொல்லும். தெருவுக்கென்ன? அவரிடம் இருக்கும் இருநூற்றுப் பதிமூன்று நாணயங்களைப் பார்த்துவிட்டுச் சொல்கிறது.

அத்தனையும் செல்லாக்காசு. ஒரு தீப்பெட்டி வாங்க உதவாது. ஆனால் இந்த வீட்டில் எனக்கு இல்லாத மரியாதை அவற்றுக்கு உண்டு. யாரும் தொடக் கூடாது. விரல் வியர்வை பட்டால் உலோகம் கெட்டுவிடுமாம். விளிம்பை மட்டும் பிடித்துத் தூக்கும் வித்தை அவர் ஒருவருக்குத்தான் கைவந்ததாம். சாப்பிட்ட தட்டை விளிம்பைப் பிடித்து ஸிங்க் வரை கொண்டுபோகத் தெரியாத மனிதர்!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாலிலிருந்து அலறல். கரண்டியோடு ஓடினேன்.

"போச்சு! எல்லாம் போச்சு!"

"யாருங்க போயிட்டாங்க?"

"பச்சை பிடிச்சிருச்சு!"

காசு வைத்திருந்த பிளாஸ்டிக் ஆல்பம் முழுக்கப் பிசுபிசுப்பு. பதினேழு செம்புக் காசுகள் பாசி படிந்த குளம் மாதிரி இருந்தன. மட்டமான பிளாஸ்டிக் காசைத் தின்னும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. மனிதர் துக்கம் விசாரிக்க ஆள் வராத வீடு மாதிரி உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரம்தான். பிறகு எழுந்து நின்று சபதம் செய்தார்.

"இனிமே என் காசெல்லாம் ராஜா மாதிரி இருக்கப் போகுது. இரும்புப் பெட்டகம். உள்ள பதினோரு தட்டு. தட்டுக்குத் தட்டு கறுப்பு வெல்வெட்டு."

"என்ன விலை?"

சொன்னார். அந்த விலைக்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்கி, அதை நிரப்பச் சாமானும் வாங்கலாம்.

"எங்க வைக்கப் போறீங்க?"

"ஜன்னலோரம். அங்கதான் சுவத்துல ஈரம் இல்ல."

ஜன்னலோரம் என் நாற்காலி இருக்கிறது. இந்த வீட்டில் என்னுடையது என்று நான் சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரே மரச்சாமான். மத்தியானம் இரண்டு மணிக்கு அதில் உட்கார்ந்தால் காலிங்பெல் அடித்தாலும் எழமாட்டேன்.

"என் நாற்காலி?"

"மாடிப்படிக்கு அடியில போட்டுக்கலாம்."

"என்னையுமா?"

"நீ எங்க வேணும்னாலும் உக்காருவே. காசு அப்படி உக்காருமா?"

"முடியாதுங்க."

"சரி, எதுக்கு வீண் பேச்சு? டாஸ் போட்டுடலாம்."

இங்கே எங்கள் வீட்டு நீதிமன்றத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடமாக எங்களுக்குள் சண்டையே கிடையாது. எதுவானாலும் டாஸ்தான். ராத்திரிப் பாத்திரம் யார் தேய்ப்பது, லீவுக்கு யாருடைய அண்ணன் வீட்டுக்குப் போவது, டிவியில் செய்தியா தொடரா, எல்லாவற்றுக்கும். அதற்கென்று ஒரு காசு, பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள், அவர் சட்டை அலமாரியில். வேறு காசு ஆகாது. "மத்ததெல்லாம் ஒரு பக்கமா விழும். இது ஒண்ணுதான் எடை சரியா இருக்கிற காசு" என்பார். முதல் நாளே பாகம் பிரித்தாகிவிட்டது. "பொம்பளைக்குப் பூ. குடும்பத் தலைவனுக்குத் தலை. அதுதானே பொருத்தம்?" புதுப் பெண்ணல்லவா, நானும் வெட்கப்பட்டுத் தொலைத்தேன்.

இருபத்திரண்டு வருடமாகப் பாத்திரம் தேய்ப்பது நான். தலையெழுத்து என்று நினைத்தேன்.

"டாஸ் அடுத்த ஞாயித்துக்கிழமை போடலாம். அதுக்குள்ள விலை கம்மியா ஏதாவது கிடைக்குதான்னு நான் பாக்கறேன்" என்றேன். தோற்கப்போகிறவள்தானே என்று பெருந்தன்மையாகத் தலையாட்டினார்.

மறுநாளே அவர் வழக்கமாகப் போகும் பழைய நாணயக் கடைக்குப் போனேன். கழுத்தில் கயிறு கட்டி லென்ஸைத் தொங்கவிட்ட பெரியவர். பெட்டகம் என்றதும் சிரித்தார்.

"எதுக்கும்மா அவ்வளவு செலவு? இதோ, இந்த அட்டை. மடிச்சா நடுவுல கண்ணாடித்தாள் ஜன்னல். காசை உள்ள வச்சு நாலு பக்கமும் பின் அடிச்சிடுங்க. அட்டைப்பெட்டியில வரிசையா நிக்க வைங்க. ஈரத்துக்கு, செருப்பு டப்பாவுல வருமே உப்பு மாதிரி சின்னப் பொட்டலம், அதைப் போடுங்க. நூறு வருஷம் தாங்கும்."

பெட்டகத்தின் பூட்டு விலைகூட இல்லை. அந்தப் பொட்டலம் என்னிடம் முப்பது இருக்கிறது. நான் எதையும் எறிகிறவள் இல்லை. இருபத்திரண்டு வருடமாக ஒருவரை வைத்துக்கொண்டிருக்கிறேனே.

வீட்டில் அட்டையைக் காட்டினேன். கையில் வாங்கியவர் முகம் சுருங்கியது.

"இது வேண்டாம். ரெண்டு பக்கமும் தெரியுது."

"தெரிஞ்சா நல்லதுதானே?"

"வெல்வெட்டுல வச்சா ஒரு பக்கம்தான் தெரியும். காசுக்கும் ஒரு மானம் மரியாதை வேண்டாமா?"

எனக்கு அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும். கான்வென்டில் கேள்வித்தாளைக் கொடுக்கும்போதெல்லாம் சிஸ்டர் ஒரே வாக்கியம்தான் சொல்வார்: "திருப்பிப் பாருங்கள்." அடியில் பி.டி.ஓ. என்று போட்டிருந்ததைக் கவனிக்காமல் பாதிக் கேள்விக்குப் பதில் எழுதிவிட்டு முதல் ஆளாக எழுந்துபோன மாணவி ஒருத்தி உண்டு. நான்தான். பொறுமை எனக்கு அன்றும் கிடையாது.

டாஸ் வரைக்குமாவது பச்சை பரவாமல் இருக்கட்டும் என்று அவரை அரை மனதாகச் சம்மதிக்க வைத்து, அவர் ஆபீஸ் போனதும் வேலையை ஆரம்பித்தேன். தலைச்சாயப் பாக்கெட்டில் வரும் கையுறையை மாட்டிக்கொண்டேன். வேர்வை படக்கூடாதே! பச்சை பிடித்ததைத் துடைத்து, ஒவ்வொரு காசாக அட்டையில் வைத்தேன். பின் அடித்தேன். வியாழக்கிழமை மத்தியானம் இருநூற்றுப் பன்னிரண்டு முடிந்தது. மிச்சம், கண்ணாடிக் கூட்டில் இருந்த டாஸ் காசு.

அட்டையில் வைத்தேன். தலை. திருப்பினேன். தலை. சரியாகத் திருப்பவில்லை போலிருக்கிறது என்று மறுபடி திருப்பினேன். தலை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருப்பினேன். இரண்டு பக்கமும் அதே மூக்கு, அதே மீசை.

இருபத்திரண்டு வருடமாக அவர் எனக்குக் கொடுத்துவந்த பூ, தலையில் வைப்பதற்கு இல்லை. காதில் வைப்பதற்கு.

கத்தவில்லை. காசை அட்டையிலிருந்து எடுத்துக் கூட்டிலேயே வைத்தேன். மீந்த அட்டைகளைத் திருப்பிக் கொடுக்க மறுபடி கடைக்குப் போனேன். அங்கே இன்னொரு சின்ன வேலையும் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார்.

"தலை விழுந்தா பெட்டகம். பூ விழுந்தா உன் அட்டை. போடட்டுமா?"

"போடுங்க. ஆனா இன்னிக்குத் தலை எனக்கு."

கை அந்தரத்தில் நின்றது.

"அ... அது எப்படி? உனக்குப் பூதானே ராசி?"

"இருபத்திரண்டு வருஷமா பூத்த பூ வாடிப்போச்சுங்க. ஒரு தடவை தலையாத்தான் இருந்து பாக்கறேனே."

"அப்போ வேற காசு கொண்டு வரேன்."

"ஐயோ, மத்ததெல்லாம் ஒரு பக்கமா விழுமே! எடை சரியா இருக்கிறது இது ஒண்ணுதானே?"

அவர் சொன்னது அவருக்கே திரும்பி வந்தது. உண்மையை ஒப்புக்கொள்ளலாம், ஆனால் இருபத்திரண்டு வருடத்துப் பாத்திரத்துக்கு யார் பதில் சொல்வது? கண்ணை மூடிக்கொண்டு சுண்டினார். பாவம், பூ விழாதா என்று உள்ளூர ஆசைதான்.

தலை.

"அட! எனக்கு விழுந்துடுச்சே!" என்று கை தட்டினேன். "அப்படியே ராத்திரிப் பாத்திரத்துக்கும் ஒண்ணு போட்டுடுங்க. அதுக்கும் தலைதான் எனக்கு."

மூன்று வாரம் ஓடியது. என் நாற்காலி ஜன்னலோரமே இருக்கிறது. அவர் காசுகள் அட்டைப்பெட்டியில், அவருடைய சட்டை அலமாரியில், பச்சை இல்லாமல் பளிச்சென்று நிற்கின்றன. அவரே பெருமையாக எடுத்துப் பார்க்கிறார். லீவுக்கு என் அண்ணன் வீட்டுக்குப் போய் வந்தோம். பாத்திரம் அவர் தேய்க்கிறார். தட்டை விளிம்பைப் பிடித்துத் தூக்க அழகாகப் பழகிக்கொண்டார்.

நேற்று சாயங்காலம் ஆபீசிலிருந்து நேரே நாணயக் கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரரே போன் செய்து, சிரிப்பை அடக்க முடியாமல் எனக்குச் சொன்னார். இவர் கேட்டாராம்:

"ஐயா, முன்னாடி உங்ககிட்ட ரெண்டு பக்கமும் தலை போட்ட காசு வாங்கினேனே, வித்தைக்காரங்க காசு. அதே மாதிரி ரெண்டு பக்கமும் பூ இருக்கா?"

"அதோட ஜோடி ஒண்ணு இருந்துச்சு சார். மூணு வாரம் முன்னாடி ஒரு அம்மா வாங்கிட்டுப் போயிட்டாங்க. நீங்க வந்து கேப்பீங்க, கேட்டா இதைக் குடுங்கன்னு ஒரு சீட்டு குடுத்தாங்க."

பிரித்திருக்கிறார். என் கான்வென்ட் கையெழுத்து. நடுவில் பெரிதாக "பி.டி.ஓ." மட்டும்.

திருப்பியிருக்கிறார்.

"வரும்போது பாத்திர சோப் ரெண்டு வாங்கிட்டு வாங்க."