தோண்டாமலே பகிரும் தொல்லியலார்

மண்வெட்டியைத் தொடாமலே தொல்லியல் அறிஞராகிவிட்ட ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கன்டெய்னர் எண்களைச் சரிபார்க்கும் கிருபாநிதி அண்ணாச்சி அந்த இனத்தில் முதல் தரம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பி, விரிசல் விழுந்த போனைப் பெயின்ட் டப்பாவில் சாய்த்துவைத்து, காற்றுச் சத்தம் விழாமலிருக்க மைக்கில் மனைவியின் துப்பட்டாவைச் சுற்றி, "வணக்கம் சொந்தங்களே" என்று தொடங்கினாரானால், ஆதிச்சநல்லூர்த் தாழி முதல் கொற்கை முத்து வரை நாற்பது நிமிடம் மூச்சுவிட மாட்டார். செலவில்லாமல் ஊருக்கு வரலாறு சொல்கிறார். நல்ல காரியம்தான், யார் மறுத்தது?

போன மழையில் ஏரல் பக்கம் ஒரு குளத்தங்கரை சரிந்து, முதுமக்கள் தாழி ஒன்றின் வாய் வெளியே தெரிந்தது. மற்றவர்கள் தொல்லியல் துறை அதிகாரிகளிடம் சொல்வார்கள். அண்ணாச்சி நேரலை போட்டார். வரைபடத்தில் இடத்தையும் குறித்து அனுப்பினார்.

சாயர்புரத்தில் வரலாறு நடத்தும் விஜிலா டீச்சர் பதறிப்போய் அழைத்தார்.

"அண்ணாச்சி, எடத்தையும் சேத்துல்லா போட்டுட்டிய! ஆபீஸ்ல சொன்னியளா?"

"சொல்லுதேம்மா. மொதல்ல ஆயிரம் பேரு பாக்கட்டும்."

பார்த்தார்கள். அதில் அறுபது பேர் மறுநாள் காலையில் நேரிலேயே வந்துவிட்டார்கள். தாழியோடு செல்ஃபி எடுத்தார்கள். உள்ளே தங்கம் இருக்குமோ என்று ஒருவர் கம்பியை விட்டுக் குடைந்தார். தாழி உடைந்ததும் நினைவாக இருக்கட்டும் என்று ஆளுக்கொரு சில்லை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அண்ணாச்சி வந்தபோது குழி மட்டும் இருந்தது. பழக்கதோஷத்தில் போனைத் தூக்கினார். பிறகு இறக்கிவிட்டார். அப்படியே கரையில் உட்கார்ந்து அழுதார்.

கூட வந்திருந்த விஜிலா விடவில்லை. "அழுது என்ன செய்ய? இப்பமும் நேரலை போடுங்க. சில்லத் திருப்பிக் கேளுங்க."

"தப்பு எம்மேலதான். எடத்தச் சொல்லியிருக்கக் கூடாது. எடுத்துட்டுப் போனவிய தயவுசெஞ்சு கொண்டாந்து குடுத்துருங்க."

வாழ்க்கையில் முதல்முறையாக அண்ணாச்சி ஒரே நிமிடத்தில் முடித்தார். பார்த்தவர்கள் பதினோரு பேர். விஜிலா அதைத் தம் மாணவர் வீடுகளுக்கெல்லாம் அனுப்பிவைத்தார். ஒரு வாரத்தில் பிஸ்கட் டப்பாவிலும் செய்தித்தாள் பொட்டலத்திலுமாக நாற்பது சில்லுகள் வந்து சேர்ந்தன. அதில் ஒன்று யாரோ வீட்டுப் பூந்தொட்டி.

ஒட்டிவிடலாம் என்றார்கள் அதிகாரிகள். ஆனால் தாழி எந்த மண்ணடுக்கில் இருந்தது, உள்ளே என்ன கிடந்தது என்பதை இனி எந்த நேரலையாலும் சொல்ல முடியாது.

நமக்கு அந்த அவசரபுத்தி கிடையாது என்று சிரிக்கிறீர்கள். இருக்கட்டும். அது எந்தக் குளத்தங்கரை என்று இதற்குள் வரைபடத்தில் தேடிப் பார்த்தீர்களா, இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள்.